மாணவர்கள் தாமே கற்கிறார்கள்

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி, அந்தப் பக்கம் வெயில் அடிக்குது. நாலரை பஸ்ஸுதானே உங்களுக்கும்? அது அஞ்சுக்கு முன்னாடி வராது. ஞாயித்துக்கிழமையில அவங்க இஷ்டம்தான்.

உங்களை மில்லு ஹாஸ்டலுக்கு உள்ளயே பாத்தேன். ஆள் பாக்குற ஷெட்டுல, கடைசி பெஞ்சுல. ரெட்டைச் சடை போட்ட பிள்ளைதானே உங்க பொண்ணு? கொண்டுவந்த முறுக்கை உங்க கண்ணு முன்னாடியே காலி பண்ணிருச்சு. எந்த ஊரு? விளாத்திகுளம் பக்கமா. அடேயப்பா, கருக்கல்லயே கிளம்பியிருப்பீங்களே.

எனக்கு இங்க பொண்ணு இல்ல. எனக்கு ரெண்டும் பசங்க, ரெண்டு பேரும் பெங்களூர்ல. நான் ஹெட்மாஸ்டர். ஒத்தக்கரட்டுப்பட்டி அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாவது வரைக்கும் உள்ளது. இங்க வேலை பாக்குற ஒரு பிள்ளை எங்க ஸ்கூல்ல படிச்சது. நாகஜோதின்னு பேரு. அதைப் பாக்கத்தான் வந்தேன். பாத்தாச்சு. ஒரு கையெழுத்து வேண்டியிருந்துச்சு, அதையும் வாங்கியாச்சு.

பழைய மாணவியைத் தேடி மில்லு வரைக்கும் ஒரு வாத்தியார் வந்திருக்காரேன்னு நினைக்கிறீங்க, இல்லையா? அப்படி ஒண்ணும் நினைக்காதீங்க. அந்தப் பிள்ளை என்னைப் படுத்துன பாடு எனக்குத்தான் தெரியும். முப்பத்து ரெண்டு வருஷ சர்வீஸ் தம்பி. ஒரு மெமோ வாங்குனது கிடையாது. வர்ற மே மாசத்தோட ரிட்டயர்மெண்ட். வீட்ல என் சம்சாரம் அழைப்பிதழுக்கு மாதிரி கூடப் பாத்து வச்சிருச்சு. இந்த நேரத்துல, பதினாறு வயசுப் பிள்ளை, ஏழு மனு போட்டிருக்கு. ஏழு. கேட்டா, "உங்க மேல போடல சார்"ங்குது. பின்ன யார் மேல போட்டுச்சாம்? ஸ்கூலுக்கு நான்தானே ஹெட்மாஸ்டர்?

முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்னு சொல்லுங்க.

ஒண்ணரை வருஷம் முன்னாடி, ஜூன்ல, எங்க கணக்கு டீச்சர் மாறுதல் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்காரர் வேலை பாக்குற ஊரே கிடைச்சிருச்சு அந்தம்மாவுக்கு. யார் வேணாம்பாங்க? பதிலுக்கு ஆள் வரல. எங்க ஊருக்கு யாரும் கேட்டு வரமாட்டாங்க தம்பி, ஒரு நாளைக்கு நாலு பஸ்ஸு. பத்தாவதுல இருபத்தேழு பிள்ளைக. கணக்குப் பீரியடு வந்தா சும்மா உக்காந்திருக்கும். நான் எடுக்கலாம்தான். ஆனா நான் வரலாறு. கணக்கு எனக்கு வராது, இதுல மறைக்க என்ன இருக்கு?

எங்க ஸ்கூலுக்கு யாரோ ஒரு கம்பெனிக்காரங்க ஒரு ஸ்மார்ட் டிவி கொடுத்திருந்தாங்க. நல்ல பெரிய டிவி. நான் அதை அட்டைப்பெட்டியோட ஆபீஸ் ரூம்ல பூட்டிப் பத்திரமா வச்சிருந்தேன். ஒரு நாள் இந்த நாகஜோதி வந்து வாசல்ல நிக்குது. ஒல்லியா, கருப்பா, நம்ம முகத்தைப் பாத்தே பேசும். அம்மா முருங்கைத் தோட்டத்துல காய் பறிக்கிற கூலி. அப்பன் கேரளாப் பக்கம் போனவன், எப்பவாவது வருவான்.

"சார், கணக்குப் பீரியடுக்கு அந்த டிவியைக் கொடுங்க சார். நெட்ல எல்லாப் பாடமும் இருக்கு. நாங்களே பாத்துப் படிச்சுக்கிறோம்."

நான் உடனே கொடுக்கல. ரெண்டு நாள் யோசிச்சேன். அப்புறம், உடைஞ்சா இருபத்தேழு பேரும் பொறுப்புன்னு எழுதி வாங்கிக்கிட்டுத்தான் கொடுத்தேன். அதுல முதல் கையெழுத்து நாகஜோதி போட்டதுதான்.

சும்மா சொல்லக்கூடாது, நல்லாத்தான் நடத்துச்சுக. எந்த நாள் எந்தப் பாடம்னு அதுகளே பேசி முடிவு பண்ணி போர்டுல எழுதிப் போட்டுக்கும். வீடியோ அஞ்சு நிமிஷம் ஓடும். நிறுத்தும். நோட்டுல போட்டுப் பாக்கும். புரிஞ்ச பிள்ளை புரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும். இதுல, புரியலன்னு கை தூக்கச் சிலது வெக்கப்படும்ல, அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சுச்சுக பாருங்க. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. பின்னாடி மூலையில ஒரு சாக்பீஸ் டப்பா, மேல துணி மூடி இருக்கும். வீடியோ முடிஞ்சதும் வரிசையாப் போயி எல்லாரும் கையை உள்ள விட்டுட்டு வரணும். புரியாதது கொட்டையைப் போட்டுரும். புரிஞ்சது சும்மா கையை விட்டு எடுத்துக்கும். யாரு போட்டதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அஞ்சு கொட்டைக்கு மேல விழுந்தா வீடியோவைத் திருப்பிப் போடணும். அஞ்சுக்குள்ளன்னா அடுத்த பாடம்.

முதல்ல நான் அந்த டப்பாவைப் பாத்துட்டு வஞ்சுட்டேன். கிளாஸ்ல உக்காந்து பல்லாங்குழி ஆடுறீங்களான்னு. அப்புறம்தான் நாகஜோதி விவரம் சொன்னுச்சு.

அந்த நேரம் பாத்து மாவட்ட ஆபீஸ்ல இருந்து ஒரு மேடம் பார்வைக்கு வந்தாங்க. கிளாஸ்ல வாத்தியார் இல்ல, சத்தமும் இல்ல. டிவி ஓடுது, இதுக பாட்டுக்கு எழுதிக்கிட்டு இருக்குக. மேடம் அசந்து போயிட்டாங்க. "சார், இதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?"ன்னாங்க. நான் பேரு எங்க வச்சேன்? ஆனா கேட்ட உடனே வாயில வந்துச்சு: "தாமே கற்கும் வகுப்பு." நல்லா இருக்குல்ல? வீடியோ எடுத்துட்டுப் போனாங்க. அடுத்த மாசம் மத்த ஹெட்மாஸ்டர்களுக்கு வந்து விளக்கணும்னு லெட்டர் வந்துச்சு.

அந்த வருஷம் மட்டும் பதினோரு இடத்துல பேசியிருக்கேன் தம்பி. 'ஆசிரியர் இல்லாத குறையை வென்ற பள்ளி'ன்னு பின்னாடி பேனர் கட்டியிருப்பாங்க. பொன்னாடை எல்லாம் பீரோவுல இருக்கு. முப்பது வருஷமா அக்பரையும் அசோகரையும் நடத்துனேன், ஒருத்தன் திரும்பிப் பாக்கல. கணக்கு நடத்தாம இருந்ததுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மாலை போட்டாங்க. கண்டுபிடிச்சது பிள்ளைகதான், நான் இல்லன்னு சொல்லல, மேடையிலயும் ஒரு தடவை சொன்னேன். ஆனா டிவியைக் கொடுத்தது யாரு? சாவியை நம்பிக் கொடுத்தது யாரு? வழிகாட்டுறதுன்னு ஒண்ணு இருக்குல்ல.

காலாண்டு முடிஞ்ச சமயம். இது திரும்ப வந்து ஆபீஸ் வாசல்ல நிக்குது.

"சார், இப்பல்லாம் இருபது கொட்டைக்கு மேல விழுது. மூணு தடவை திருப்பிப் போட்டாலும் குறைய மாட்டேங்குது."

"ஏன், கவனிக்கிறது இல்லையா?"

"கவனிக்கிறோம் சார். வீடியோவுல வர்ற சாரு, 'இது உங்களுக்கு ஏற்கனவே தெரியும்'னு சொல்லிட்டு ஒரு வரியைத் தாண்டிப் போயிர்றாரு. எங்களுக்குத் தெரியாது சார். நாங்க ஆறாவது ஏழாவது படிச்சப்ப கொரோனால ஸ்கூலே இல்ல. அவர்கிட்ட நிறுத்திக் கேக்க முடியல சார். எங்க கணக்கைப் பாத்து இந்த இடத்துல தப்புன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணும் சார். வாரத்துல ஒரு நாள் வந்தாக்கூடப் போதும்."

நான் என்ன சொன்னேன்? ஊக்கப்படுத்தித்தான் சொன்னேன். "தேடிப் பாரு, வேற வீடியோ கிடைக்கும். உன்னால முடியும். இந்த மாவட்டமே உங்களைத்தான் பாத்துக்கிட்டிருக்கு"ன்னேன். அந்த வாரம் ஒரு பயிற்சி இருந்துச்சு. போறதுக்கு முன்னாடி அந்த டப்பாவைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துக்கிட்டேன். அடி தெரியாம கொட்டை கிடந்துச்சு. அதைப் பெரிசாத் திரையில போட்டதும் அத்தனை பேரும் கை தட்டுனாங்க. கொட்டை நிறைய இருந்தா நிறையப் பேருக்குப் புரிஞ்சிருச்சுன்னு நினைச்சிருப்பாங்க போல. நானும் திருத்தல. மேடையில நின்னுக்கிட்டு அதைப் போயி விளக்கிக்கிட்டு இருக்க முடியுமா?

அப்புறம் அரையாண்டு. எங்ககிட்டக் கணக்கு வாத்தியார் இல்லாததால, பேப்பரைப் பக்கத்து ஊர் ஸ்கூல் சார்தான் திருத்துனாரு. அவரு போன் பண்ணி, "சார், உங்க பிள்ளைக ஒட்டுமொத்தமா காப்பி அடிச்சிருக்குக. இருபத்தேழு பேப்பர்லயும் ஒரே இடத்துல ஒரே தப்பு"ன்னாரு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. ஊரு ஊராப் போயி இந்தப் பிள்ளைகளைப் பத்திப் பேசிட்டு வர்றேன், இதுக காப்பி அடிச்சு வச்சிருக்குக. மைதானத்துல ரெண்டு பீரியடு முட்டி போட வச்சேன். பொண்ணுகளையும்தான். நான் ஆணு பொண்ணுன்னு பேதம் பாக்குறது இல்ல.

நாகஜோதி முட்டி போட்டபடியே சொல்லுச்சு. "நாங்க காப்பி அடிக்கல சார். நான்தான் அவங்களுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கு அப்படித்தான் சார் புரிஞ்சது."

என்னன்னா, ஏதோ ஒரு சூத்திரத்துல முன்னாடி ஒரு மைனஸ் நிக்குதாம். அதுல போடுற எண்ணும் மைனஸா இருந்தா, ரெண்டும் சேந்து பிளஸ் ஆயிரணுமாம். அந்த சார்தான் எனக்கு விளக்குனாரு. வீடியோவுல அது கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள போயிருது. இது அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, மத்த இருபத்தாறுக்கும் பொறுமையா, நல்லாப் பதியிற மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கு. எல்லாத்துக்கும் நல்லாப் புரிஞ்சிருச்சு. அன்னைக்கு ஒரு கொட்டை கூட விழலையாம்.

அந்த சார் அதை மட்டும் ஒரு தாள்ல திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டாரு. நல்ல மனுஷன். அது மாதிரி இன்னும் எத்தனை கிடந்துச்சோ, அது யாருக்குத் தெரியும்?

அதுக்கு அடுத்து இது பண்ணுன காரியம்தான் முதல் மனு. அவங்க அம்மா போன்ல இருந்து, அரசாங்கத்துக்கு நேரா. அதுக்கு ஒரு வெப்சைட் இருக்குல்ல, அதுல. எப்படிப் போடணும்னு அதுக்கும் வீடியோ பாத்திருக்கு. படிச்ச படிப்பு எதுக்குப் பயன்பட்டுச்சு பாருங்க. நாலு வரிதான் எழுதியிருந்துச்சு. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. 'எங்களுக்குக் கணக்கு ஆசிரியர் இல்லை. நாங்களே படிக்கிறோம். தப்பாகப் படிக்கிறோம். தப்பு என்று சொல்ல ஆள் இல்லை.'

அந்த மனு சென்னைக்குப் போயி, அங்க இருந்து மாவட்டத்துக்கு வந்து, அங்க இருந்து கடைசியா எங்க வந்துச்சு தெரியுமா? என் டேபிளுக்கு. 'அறிக்கை அனுப்புக'ன்னு. எந்த மனுவும் சுத்திச் சுத்தி எந்த ஆபீஸைப் பத்தினதோ அங்கதான் வந்து சேரும். அதுதான் நடைமுறை. பதில் சொல்ல வேண்டியவன் நான்தானே?

ராத்திரி பகலா யோசிச்சேன். பதினோரு மேடையில, வாத்தியார் இல்லாமலே படிக்கிறாங்கன்னு பேசியிருக்கேன். இப்ப காகிதத்துல, வாத்தியார் இல்லாம படிக்க முடியலன்னு எழுதுனா, நான் என்ன ஆளுன்னு கேக்க மாட்டாங்களா? அதனால உள்ளதைத்தான் எழுதுனேன். 'மேற்படி பள்ளியில் மாணவர்கள் தொழில்நுட்ப உதவியுடன் தாமே கற்கிறார்கள். ஆசிரியர் இன்மையால் பாதிப்பு ஏதும் இல்லை. மனுவை முடித்து வைக்கலாம்.' பாதிப்பு இருந்துச்சா இல்லையான்னு பரீட்சை முடிவு வந்தாத்தானே தெரியும்? அன்னைக்குத் தேதியில இல்ல.

ரெண்டு நாள்ல அந்தப் பிள்ளை ஓடி வருது. மூச்சு வாங்குது. "சார், மனு முடிஞ்சிருச்சுன்னு அம்மா போனுக்கு மெசேஜ் வந்திருக்கு. டீச்சர் எப்ப சார் வருவாங்க?"

"வருவாங்க, போயி படி"ன்னேன். வேற என்ன சொல்றது? பிள்ளை மனசை உடைக்கக் கூடாதுல்ல.

இதுல எனக்குத் தெரியாம ஒண்ணு நடந்து போச்சு. எந்த ஸ்கூலுக்கு எத்தனை வாத்தியார்னு வருஷா வருஷம் கணக்கெடுப்பாங்க. என் பதிலை யாரோ எடுத்துப் பாத்துட்டு, இங்கதான் தேவையில்லன்னு எழுதிக் கொடுத்திருக்காங்களேன்னு, அந்தக் காலியிடத்தையே தூக்கி வேற ஸ்கூலுக்குக் கொடுத்துட்டாங்க. இனிமே ஆள் வரணும்னாலும் வர்றதுக்கு நாற்காலி இல்ல. நான் அதை நினைச்சு எழுதல தம்பி. சத்தியமா நினைச்சு எழுதல.

மே மாசம் ரிசல்ட். கணக்குல இருபத்தொரு பேர் பெயிலாப் போயிட்டாங்க. நாகஜோதிக்கு தமிழ்ல தொண்ணூத்து நாலு, அறிவியல்ல எம்பத்தெட்டு, சமூக அறிவியல்ல தொண்ணூத்தாறு. அது என் பாடம், குறிச்சுக்கோங்க. கணக்குல முப்பத்தொண்ணு. பாஸுக்கு முப்பத்தஞ்சு வேணும். நாலு மார்க்.

நர்ஸுக்குப் படிக்கணும்னு சொல்லிக்கிட்டிருந்துச்சு. ரிசல்ட் வந்த மறு வாரமே மில்லு ஏஜெண்டு வந்துட்டான், எந்த வீட்ல எந்தப் பிள்ளை போச்சுன்னு அவனுங்களுக்குத்தான் முதல்ல தெரியும். அம்மாக்காரி அனுப்பிட்டா. துணைத்தேர்வு எழுத லீவு கேட்டிருக்கு. ஸ்கூல்ல இருந்து லெட்டர் வேணும்னு இங்க சொல்லியிருக்காங்க. அம்மாக்காரி லெட்டருக்கு மூணு நாள் நடந்திருக்கா. அந்த மூணு நாளும் எனக்குப் பயிற்சி, வெளியூர்ல பேசப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா பரீட்சை முடிஞ்சிருச்சு. எல்லாத்துக்கும் ஒரு நேரம் அமையணும்ல.

இதோட விட்டுச்சா? இல்ல. ஜூலையில ஒரு மனு. அதே நாலு வரி. ஆகஸ்ட்ல ஒண்ணு. பேரு நாகஜோதி, முகவரி இந்த மில்லு ஹாஸ்டல். ஸ்கூலை விட்டுப் போன பிள்ளைக்கு வாத்தியார் எதுக்குங்கறேன்? அதுக்குத் தங்கச்சி இருக்கு, யோகஸ்ரீன்னு. இந்த வருஷம் பத்தாவது. அதே டிவி, அதே வகுப்பு. மாசம் தவறாம மனு வந்துச்சு. மாசம் தவறாம நானும் பதில் அனுப்பிச்சேன். 'மாணவர்கள் தாமே கற்கிறார்கள்.' பழைய பதிலை எடுத்துத் தேதியை மட்டும் மாத்திக்குவேன்.

ஏழாவது மனுவுல மேல யாருக்கோ சந்தேகம் வந்திருச்சு. ஒரே விஷயத்தை ஏழு தடவை கேக்குதே, என்னன்னு நேர்ல பாருங்கன்னு. வியாழக்கிழமை அதிகாரி வர்றாரு. இருபத்தொரு பேர் போன ரிசல்ட்டையும் என் ஏழு பதிலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா என்ன ஆகும்? பதினேழு பி கொடுப்பாங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல பெரிய தண்டனைக்கு அதுதான் முதல் காகிதம். அது கையில இருந்தா ரிட்டயர் ஆகவே விடமாட்டாங்க. முப்பத்து ரெண்டு வருஷம் தம்பி. எனக்குச் சோறு இறங்கல. அப்பத்தான் ஆபீஸ் கிளார்க் சொன்னாரு, அந்தப் பிள்ளையே மனுவைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக் கொடுத்துட்டா முடிஞ்சு போச்சே சார்னு.

அதான் வந்தேன். லெட்டர் நானே எழுதி எடுத்துக்கிட்டு வந்தேன். லட்டு கூட வாங்கிட்டு வந்தேன்.

ஹெட்மாஸ்டர்னதும் வார்டன் அம்மா ரூமுக்கே கூப்பிட்டு நாற்காலி போட்டாங்க. ஷிப்டுல இருந்து நேரா வந்துச்சு பிள்ளை. புருவத்துல எல்லாம் பஞ்சு. என்னைப் பாத்ததும் முகம் அப்படியே மலந்து போச்சு. நல்லா இருக்கியான்னு நான் கேக்குறதுக்குள்ள அது கேக்குது, "சார், டீச்சர் வந்துட்டாங்களா?"

நான் அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு நினைச்சிருச்சு போல.

டீச்சர் விஷயம் கிடக்கட்டும்மான்னேன். பொறுமையாத்தான் பேசுனேன். என் வயசு, என் ரிட்டயர்மெண்ட், எல்லாம் சொன்னேன். ஏன்மா எம்மேல இவ்வளவு கோபம்னு கேட்டேன். அதுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"உங்க மேல இல்ல சார். நான் தப்பாச் சொல்லிக் கொடுத்துத்தான் எல்லாரும் போயிட்டாங்க. முனீஸ்வரி முப்பத்து மூணு மார்க் சார். அவ என்கிட்டக் கேட்டுக் கேட்டுத்தான் படிச்சா. இப்ப கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டாங்க. ஒரு டீச்சர் இருந்திருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பாங்க, இது தப்புடின்னு. யோகஸ்ரீ கிளாஸும் அப்படிப் போயிரக் கூடாது சார்."

பாத்தீங்களா? தப்பு தன்னோடதுதான்னு அதுவே ஒத்துக்குது. ஒரு வருஷமா நான் கிடந்து தவிச்சதுக்கு அந்த ஒரு வார்த்தை போதும் தம்பி. எனக்கு மனசு லேசாயிருச்சு. சரி, அப்ப கையெழுத்துப் போடுமான்னு தாளை நீட்டுனேன். தலையை ஆட்டிருச்சு. "வேணாம் சார். பரீட்சைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. இப்ப ஒரு டீச்சர் வந்தாக்கூட முக்கியமானதைச் சொல்லிக் கொடுத்திரலாம். நான் அடுத்த ஞாயித்துக்கிழமையும் போடுவேன் சார்." மரியாதையாத்தான் சொல்லுச்சு. ஆனா அழுத்தம். அவ்வளவு அழுத்தம்.

நான் வார்டன் அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "ஏம்மா, இந்தப் பிள்ளைக்கு மனுப் போட போன் எங்க இருந்து கிடைக்குது?" அவ்வளவுதான் கேட்டேன். கேட்டது தப்பா? பிள்ளைக போனை எல்லாம் அந்தம்மா பீரோவுல பூட்டித்தான் வச்சிருக்காங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் பேச ஆளுக்குப் பத்து நிமிஷம். மத்ததுக எல்லாம் அம்மா அப்பான்னு அழுதுக்கிட்டுப் பேச, இது மாசத்துல ஒரு பத்து நிமிஷத்தை மனுவுக்கு எடுத்துக்கிட்டிருக்கு. கேட்டதும் வார்டன் அம்மா முகம் மாறிப்போச்சு. "இன்னைக்கு ஸ்கூலைப் பத்திப் போடுறவ நாளைக்கு மில்லைப் பத்திப் போடமாட்டாளா?"ன்னு எந்திரிச்சுட்டாங்க. "இனிமே உனக்கு போனே கிடையாது. சார் கொடுத்ததுல கையெழுத்தைப் போட்டுட்டு ஷிப்டுக்குப் போ."

பிள்ளை கையில இருந்த பஞ்சைத் துணியில துடைச்சுக்கிட்டு மேசைகிட்ட வந்துச்சு. அதுக்குள்ள நான் லெட்டர்ல ஒரு வரி சேத்துக்கிட்டேன், அதுவே வாயால சொன்னதுதானே. 'கணக்குப் பாடத்தில் சக மாணவர்கள் தேர்ச்சி பெறாமைக்கு நான் தவறாகக் கற்பித்ததே காரணம்.' அப்புறம் கொடுத்தேன். முழுசாப் படிச்சுச்சு. அந்த வரிக்கு வந்ததும் நின்னு, இன்னொரு தடவை படிச்சுச்சு. போட்டுக் கொடுத்துட்டுப் போயிருச்சு. லட்டைக் கூட எடுக்கல.

நல்ல பிள்ளைதான். யாராவது பக்கத்துல இருந்து நல்லதைச் சொல்லியிருந்தா எங்கயோ போயிருக்கும்.

உங்க பொண்ணும் அந்த ஹாஸ்டல்தானே? உங்ககிட்டச் சொன்னாங்களா? நீங்க அப்பவே வெளிய வந்துட்டீங்க, சொல்லியிருக்க மாட்டாங்க. இன்னைல இருந்து போன் ஒருத்தருக்கும் கிடையாதுன்னு வார்டன் அம்மா சொல்லிட்டாங்க. ஒருத்திக்கு மட்டும் நிறுத்துனா அடுத்தவ போனை வாங்கிப் போட்டுருவாளாம். அதுவும் நியாயம்தானே. ஏதும் அவசரம்னா அவங்களே வீட்டுக்குச் சொல்லி அனுப்புவாங்களாம், கவலைப்படாதீங்க.

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? பஸ்ஸு இந்தப் பக்கம்தான் வரும். எங்க போறீங்க? கேட்டைப் பூட்டியாச்சு தம்பி. நாலு மணிக்கு மேல யாரையும் விட மாட்டாங்க. தட்டிப் பிரயோஜனம் இல்ல, பிள்ளையைப் பாக்க விடுறது இனி அடுத்த மாசம்தான்.

தம்பி. தம்பி, பையை இங்கயே விட்டுட்டுப் போறீங்க.